பழைய லேத்து யந்திரங்களும் அவற்றின் எண்ணெய்த் துவாரங்களும்

வண்டியச்சுக்கு மை இடாமல் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லத் துணிந்த விவசாயி ஒருவரும் இருந்ததில்லை. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து, வண்டியின் அடியிலே தொங்கவிட்டுச் சென்ற வழக்கம் டயர் வண்டியும் டிராக்டரும் வந்த பின்னரும் முதியோர் நினைவில் நிற்கின்றது. அச்சு கீச்சிடத் தொடங்கிய பின் மை இடுவது காலந்தாழ்ந்த காரியம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த அறிவு வண்டியோடு நின்றுவிட்டது. விவசாயியின் பம்பையும் டிராக்டரையும் அரவை யந்திரத்தையும் செப்பனிட்டுக் கொடுக்கும் லேத்துக்கு யார் எண்ணெய் இடுகிறார், எங்கே இடுகிறார், எவ்வளவு இடுகிறார் என்று கேட்போர் மிகச் சிலரே. "அது பட்டறைக்காரருடைய சொத்து, எண்ணெய் இடுவதும் விடுவதும் அவர் பாடு" என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. லேத்தில் இடாத எண்ணெயின் நஷ்டம், கடைசியில் வயலுக்கு நீர் பாயாத நாட்களாக நிலமுடையவர் தலையிலேயே விழுகின்றது.

நீடாமங்கலம் பகுதியை எடுத்துக்கொள்வோம். வெண்ணாறு இங்கு வந்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாய்ப் பிரிந்து தென்கிழக்கே பாய்கின்றது. 1934 ஆம் ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின், ஜூன் 12 ஆம் தேதியன்று பாசனத்துக்கு நீர் விடுவது வழக்கமாயிற்று. அணையின் இருப்பைப் பொறுத்து இத்தேதி சில ஆண்டுகளில் முந்துவதும் பிந்துவதும் உண்டு. ஆற்று நீரை எதிர்நோக்கிக் காத்திராமல், வடிமுனைக் குழாய்க் கிணறு உடையவர்கள் வைகாசியிலேயே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். பல மாதம் ஓடாமற் கிடந்த பம்பு அப்பொழுதுதான் முதன்முறையாக ஓட்டப்படும். அப்பொழுதுதான் அதன் பேரிங் அலறும். தண்டு தேய்ந்திருப்பது தெரியவரும். ஆகவே நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் உள்ள கடைசற் பட்டறைகளில் ஆண்டு முழுவதும் இல்லாத கூட்டம் அந்த மூன்று நான்கு வாரங்களில் கூடுகின்றது. லேத்து இரவும் பகலும் சுழல்கின்றது. யந்திரத்துக்கு எண்ணெய் மிகுதியாய் வேண்டிய காலமும் அதுவே; எண்ணெய் இடுவதற்கு ஒருவருக்கும் நேரமில்லாத காலமும் அதுவே.

தண்டும் பேரிங்கும்

லேத்தின் தேய்மானம் பம்பை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சாதாரணமாய் வழங்கும் 6306 என்னும் எண்ணுடைய குண்டு பேரிங்கின் உள்துளை 30 மில்லிமீட்டர். அது ஏறி அமரவேண்டிய தண்டு சரியாக 30 மில்லிமீட்டர் இருந்தாற் போதாது. ஒரு நூலிழை கூடுதலாய் இருந்து இறுகப் பிடிக்க வேண்டும். இத்தகைய பொருத்தத்துக்குப் பொதுவாய்க் கொள்ளும் அளவு, 30 மில்லிமீட்டருக்கு மேல் 2 மைக்ரானுக்குக் குறையாமலும் 15 மைக்ரானுக்கு மிகாமலும் இருப்பதாகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுடைய தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். தண்டு அரை மயிர்ப் பருமன் குறைந்துபோனால், பேரிங்கின் உள்வளையம் தண்டோடு சேர்ந்து சுழலாமல் அதன்மேல் வழுக்கிச் சுழலும். வழுக்கிய இடம் சூடேறும். தண்டு மேலும் தேயும். புதுப் பேரிங் ஒரு பருவத்திற்குள் கெட்டுவிடும். விவசாயி பேரிங் விற்றவரைக் குறை கூறுவார். விற்றவர் மின்சாரத்தைக் குறை கூறுவார். லேத்தை எவரும் நினைப்பதில்லை.

லேத்தின் தேய்மானத்தில் ஒரு விசேஷம் உண்டு. அது எங்கும் ஒரே சீராய்த் தேய்வதன்று. கிராமத்துப் பட்டறைகளுக்கு வரும் வேலைகளிற் பெரும்பாலானவை குட்டையானவை. புஷ், முளை, பம்பின் தண்டு போன்றவை. ஆகவே உளி ஏந்திச் செல்லும் சேடில் என்னும் பகுதி, சக்கை ஒட்டிய ஒன்றிரண்டு அடி நீளத்திலேயே பல்லாண்டுகள் முன்னும் பின்னும் ஓடுகின்றது. லேத்தின் படுக்கை என்னும் நீண்ட வார்ப்பிரும்பு அவ்விடத்தில் மட்டும் பள்ளமாகின்றது. மறுமுனையோ புதிதாய் வந்த நாளில் இருந்தபடியே இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும் உளி, தண்டை ஒரு முனையிற் பருமனாகவும் மறுமுனையிற் சிறுத்தும் கடையும். கைதேர்ந்த கடைசல்காரர் இதை உணர்ந்து, இடத்துக்கிடம் அளந்து, சாணைத் தாளால் தேய்த்துச் சரிப்படுத்துவார். ஆனால் வைகாசி மாதத்தில், வாசலில் பன்னிரண்டு பேர் நிற்கும்பொழுது, அந்தப் பொறுமையை எவரிடத்தும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வளவு கேட்டுக்கும் மூலகாரணம் யந்திரத்தின் வயது என்று பலர் நினைக்கின்றனர். அறுபது எழுபது ஆண்டுகள் ஓடியும் அளவு பிசகாத லேத்துகள் உண்டு; பத்து ஆண்டுகளிற் பயனற்றுப் போனவையும் உண்டு. வேற்றுமை எண்ணெயில் இருக்கின்றது. இன்னும் திருத்தமாய்ச் சொன்னால், எண்ணெய் செல்லவேண்டிய துவாரம் திறந்திருக்கின்றதா, அடைந்திருக்கின்றதா என்பதில் இருக்கின்றது.

டெல்டாவுக்கு லேத்து வந்த வரலாறு

காவிரி டெல்டாவுக்கு இத்தொழில் புதியதன்று. நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே 1861, 1862 ஆம் ஆண்டுகளில் ரயில்பாதை போடப்பட்டது. நீடாமங்கலம் இன்றும் அப்பாதையிலேயே இருக்கின்றது. நெல்லும் அரிசியும் சரக்கு ரயில்களில் ஏறும் நிலையமாயும், மன்னார்குடிக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பாயும் விளங்குகின்றது. தென்னிந்திய ரயில்வேயின் பெரும் பட்டறை முதலில் நாகப்பட்டினத்திலேயே இருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் 1928 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புதுப் பட்டறைக்கு மாறிற்று. அக்காலத்து யந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. பின்னர் நம் நாட்டிலேயே லேத்துகள் செய்யப்படலாயின. கோயமுத்தூரில் 1926 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும், ஹரிஹரில் 1941 ஆம் ஆண்டு தோன்றிய மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனியும், சுவிட்ஸர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் துணையுடன் பெங்களூரில் 1953 ஆம் ஆண்டு அமைந்த ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும் இவற்றிற் குறிப்பிடத்தக்கவை. பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் விலை குறைந்த லேத்துகள் பெருவாரியாய்ச் செய்யப்பட்டன. பெரிய ஆலைகளிற் கழித்து விற்ற யந்திரங்களே சிறு பட்டறைகளை வந்தடைவது வழக்கம். அவை வரும்பொழுது அவற்றோடு வந்திருக்க வேண்டிய எண்ணெய் அட்டவணைப் புத்தகம் வருவதில்லை. ஆலையில் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வர்ணம் பூசியிருப்பார்கள். அந்த வர்ணத்தின் அடியில் எத்தனை எண்ணெய்த் துவாரங்கள் மறைந்து கிடக்கின்றன என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

எண்ணெய் எவ்வாறு தாங்குகின்றது

எண்ணெய் வழுவழுப்பை உண்டாக்குகின்றது என்பது மட்டுமே பலருக்கும் தெரியும். உண்மையில் அது பாரத்தையே தாங்குகின்றது. இதை முதன்முதலிற் கண்டறிந்தவர் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்னும் என்ஜினீயர். 1883 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பரிசோதனையில், சுழலும் தண்டின் மேல் பாதி பேரிங் ஒன்றை அமர்த்தி, அதன்மேல் பாரம் ஏற்றியிருந்தார். தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. பேரிங்கின் உச்சியில் எண்ணெய் இடுவதற்கென ஒரு துவாரம் துளைத்தார். யந்திரத்தை ஓட்டியதும், எண்ணெய் அத்துவாரத்தின் வழியே கீழே இறங்குவதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அளவைமானி வைத்துப் பார்த்தபொழுது, அவ்விடத்து எண்ணெயின் அழுத்தம் பேரிங்கின் சராசரி பாரத்தைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இருந்தது. சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்துச் சென்று ஆப்புப் போலச் செருகி, தன்னைத் தூக்கிக்கொள்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் 1886 ஆம் ஆண்டு இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இதிலிருந்து பட்டறைக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. சரியாய் ஓடும் பேரிங்கில் உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. இடையில் மயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கின்றது. அப்படலம் இருக்கும்வரை தேய்மானம் மிகமிகச் சிறிது. ஆனால் யந்திரம் நின்று மறுபடி கிளம்பும் அந்த முதற் சில சுற்றுக்களில் படலம் உண்டாகியிராது. எனவே எண்ணெய் இடவேண்டியது ஓட்டுவதற்கு முன்பே அன்றி, ஓடிச் சூடேறிய பின்பன்று. இரண்டாவது பாடம், துவாரம் அடைந்துவிட்டதென்று வேறோரிடத்தில் புதுத் துவாரம் துளைப்பது ஆபத்தானது என்பது. எண்ணெயைப் பாரம் குறைந்த பக்கத்தில் உட்செலுத்த வேண்டும். பாரம் மிகுந்த பக்கத்தில் துளைத்தால், உள்ளிருக்கும் எண்ணெயும் டவருடைய தக்கையைப் போல வெளியே வந்துவிடும். பழைய துவாரத்தையே கம்பியாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தஞ் செய்து திறப்பது முறை.

துவாரங்களும் கிண்ணங்களும்

பழைய லேத்துகளில் எண்ணெய் இடும் வாய்கள் ஒரே மாதிரியாய் இருப்பதில்லை. மிக எளியது வெறும் துவாரம். வாய்ப்புறம் சற்றே அகன்று புனல் போலிருக்கும். தூசு விழாமலிருக்கச் சிலவற்றில் சிறு திருகாணி மூடியாய் அமைந்திருக்கும். திருகாணி தொலைந்தால் அதற்குப் பதில் குச்சியைச் செருகுவதும் துணியைத் திணிப்பதும் நம் பட்டறைகளிற் காணும் பழக்கம். குச்சி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் அந்தப் பேரிங்குக்கு அன்றோடு எண்ணெய் நின்றது.

மற்றொரு வகையில், துவாரத்தின் வாயில் ஒரு சிறு எஃகுக் குண்டும், அதன் அடியில் ஒரு சுருள்வில்லும் இருக்கும். எண்ணெய்க் குவளையின் மூக்கினாற் குண்டை அழுத்தினால்தான் வழி திறக்கும். இதை அறியாத பையன்கள் மேலே எண்ணெயை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். எண்ணெய் வெளிப்புறத்தில் வழிந்து, யந்திரம் நன்றாய் நனைந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே வறண்டு கிடக்கும். லேத்து பளபளவென்று எண்ணெயாய் இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

திரி வைத்த கிண்ணங்களும் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலிழுப்பது எவ்வாறோ, அவ்வாறே இத்திரியும் கிண்ணத்திலுள்ள எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய்ப் பேரிங்குக்குக் கடத்துகின்றது. அழுக்கைத் தன்னிடமே நிறுத்தியும் கொள்கின்றது. ஆதலால் நாளடைவில் திரியே அடைந்துபோம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதை எடுத்து மண்ணெண்ணெயில் அலசி உலர்த்த வேண்டும். கெட்டித்துப் போயிருந்தால் புதிய கம்பளித் திரி இடவேண்டும். சில யந்திரங்களில் கண்ணாடிக் கிண்ணமும், துளி விழுவதைக் காணத்தக்க சிறு சாளரமும் அமைந்திருக்கும். இவற்றை வேலை தொடங்குமுன் திறந்து, வேலை முடிந்ததும் மூடவேண்டும். மூட மறந்தால் இரவு முழுவதும் எண்ணெய் வீணாய்ச் சொட்டி, காலையிற் கிண்ணம் காலியாய் இருக்கும். நிறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் யந்திரமும் ஓட்டப்படும்.

மிகுதியான குழப்பம் விளைவிப்பது கிரீஸ் நிப்பிள். ஆஸ்கர் ஜெர்க் என்பவர் 1929 ஆம் ஆண்டு உரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த இச்சிறு முலைக்காம்பு போன்ற உறுப்பை, டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் அனைவரும் அறிவர். அதைக் கண்டதும் கிரீஸ் துப்பாக்கியை எடுப்பது இயல்பு. ஆனால் லேத்துகளிற் பலவற்றில், முக்கியமாய்ச் சில இங்கிலாந்து யந்திரங்களில், இதே வடிவமுள்ள நிப்பிள்கள் எண்ணெய் செலுத்துவதற்கென்று வைக்கப்பட்டவை. அவற்றில் கிரீஸை ஏற்றிவிட்டால், குறுகிய எண்ணெய் வழிகளில் அது அடைத்துக்கொண்டு கெட்டியாகும். பின் வரும் எண்ணெயும் உட்செல்லாது. கிரீஸ் நிற்கும், எண்ணெய் ஓடும். ஓடவேண்டிய இடத்தில் நிற்பதை வைத்தால் படலம் உண்டாவதில்லை. கிண்ணங்களைக் கழற்றிவிட்டு எல்லா இடத்தும் நிப்பிள் மாட்டி "நவீனப்படுத்திய" லேத்துகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்க எண்ணுவோர் ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பது நன்று.

எல்லாப் பல்சக்கரங்களும் ஒரே பெட்டிக்குள் எண்ணெயில் தோய்ந்து ஓடும் ஹெட்ஸ்டாக்குகளைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கண்ணாடியிலுள்ள கோடு வரை எண்ணெய் இருக்கவேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் சூடும் ஒழுக்கும் உண்டாகும். நிறம் கறுத்தாலும் பால் போல் வெளுத்தாலும் மாற்றவேண்டும். வெளுப்பது நீர் கலந்ததற்கு அடையாளம்.

மறந்துபோகும் இடங்கள்

பெல்ட்டால் ஓடும் பழைய லேத்துகளில் எல்லோரும் மறக்கும் ஓர் இடம் உண்டு. ஹெட்ஸ்டாக்கின் நடுவிலே படிப்படியாய் அமைந்த பெல்ட்டுச் சக்கரம் சாதாரண ஓட்டத்தில் ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டோடு பிணைக்கப்பட்டு, இரண்டும் ஒன்றாய்ச் சுழலும். பெரிய சாமான்களை மெதுவாய்க் கடைவதற்காகப் பின்புறப் பல்சக்கரங்களைச் சேர்க்கும்பொழுது, இந்தப் பிணைப்பு விடுவிக்கப்படுகின்றது. அப்பொழுது பெல்ட்டுச் சக்கரம் வேகமாயும், அதன் உள்ளே உள்ள தண்டு மெதுவாயும் சுழல்கின்றன; இரண்டுக்கும் இடையே உராய்வு உண்டாகின்றது. அங்கு எண்ணெய் செல்வதற்கான துவாரம் பெல்ட்டுச் சக்கரத்தின் ஒரு படியிலேயே, பெல்ட்டு ஓடும் பரப்பில், ஒரு சிறு திருகாணியின் அடியில் ஒளிந்திருக்கும். மாதக்கணக்கில் அதைத் தொடாதவர்கள், ஒரு நாள் அரவை மில்லின் பெரிய சக்கரத்தை மாட்டி மணிக்கணக்கில் மெதுவாய்க் கடைகின்றனர். சக்கரம் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றது. ஸ்பிண்டிலைக் கழற்றிச் செப்பனிடும் செலவு, அந்த லேத்தை வாங்கிய விலையில் கணிசமான பங்காகக்கூடும். பின்புறப் பல்சக்கரத்தைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இத்திருகாணியைக் கழற்றி நான்கைந்து துளி இடுவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

டெயில்ஸ்டாக்கின் கூர்முனையும் இவ்வாறே. பழைய யந்திரங்களில் அக்கூர்முனை சுழலாது. கடையப்படும் தண்டுதான் அதன்மேல் சுழலும். தண்டு சூடேறி நீளும்பொழுது இறுக்கம் மிகுந்து, முனை எரிந்து நீலம் பாய்ந்துவிடும். முற்காலத்தில் ஈயவெள்ளையை எண்ணெயிற் குழைத்து அங்கு இடுவார்கள். ஈயவெள்ளை நஞ்சாதலால் அதை விட்டொழித்து, கெட்டியான கிரீஸ் இடுவதோ, பேரிங் உள்ள சுழலும் முனையை மாட்டுவதோ செய்யத்தக்கது. மரை வெட்டும் லீட் ஸ்குருவும், அதைக் கவ்வும் பாதி நட்டுக்களும், சேடிலின் முன் தொங்கும் பெட்டியிலுள்ள சிறு பல்சக்கரங்களும் நாள்தோறும் சில துளிகளை வேண்டுவன. சக்கின் உள்ளே மட்டும் எண்ணெய் குறைவாய் இருத்தல் நலம். அங்கு ஊற்றிய எண்ணெய் சுழற்சியில் சிதறும். எஞ்சியது துருவல்களைப் பிடித்துவைக்கும்.

படுக்கைக்கு எண்ணெய் இடுவதில் ஒரு வரிசை முறை உண்டு. முதலில் துடைக்க வேண்டும், பின்னரே எண்ணெய். பம்பின் உறுப்புகளைப் போன்ற வார்ப்பிரும்புச் சாமான்களைக் கடையும்பொழுது விழும் துருவல் மாவு போன்றது. அதன்மேல் எண்ணெயை ஊற்றிச் சேடிலை ஓட்டினால், அந்தக் கலவை சாணைப் பசையாய் மாறிப் படுக்கையை அரைக்கும். எண்ணெய் இட்டும் தேய்கின்றதே என்று வருந்துவோர் பெரும்பாலும் துடைக்காமல் இட்டவர்களே. காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தஞ்செய்வது பார்வைக்குத் துப்புரவாய் இருக்கும். ஆயினும் அக்காற்று துருவலைச் சேடிலின் அடியிலும் எண்ணெய்த் துவாரங்களிலும் செலுத்திவிடுகின்றது. பழந்துணியும் தூரிகையுமே ஏற்றவை.

உமித் தூசு

நெல் விளையும் பகுதிகளில் மட்டும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அயல்நாட்டு யந்திரப் புத்தகங்களில் இதைக் காண்பதற்கில்லை. அரவை மில்லை ஒட்டியே பட்டறை அமைந்திருப்பது டெல்டாவில் அரிதன்று. மில்லின் தூசில் உமித்துகள் மிகுதியாய் இருக்கும். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாய் நிற்கும். அச்சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிகா, அதாவது மணலின் சத்து. அரவையின்பொழுது மாட்டின் முதுகில் விழுந்தால் அரிக்கும் அதே தூசு, லேத்தின் மூடியில்லாத துவாரத்தில் விழுந்தால் பேரிங்கை அரிக்கும். எண்ணெயிற் கலந்த சிலிகா மென்மையான வெண்கலப் புஷ்ஷிற் பதிந்துகொண்டு, அதைவிடக் கடினமான எஃகுத் தண்டை உளிபோல் சீவும். புஷ் புதிதுபோல் இருக்கையிலேயே தண்டு தேய்ந்திருப்பதன் மர்மம் இதுவே. மில்லுக்கு அருகிலுள்ள பட்டறைகளில் ஒவ்வொரு துவாரத்துக்கும் மூடி இருத்தல் வேண்டும். இரவில் யந்திரத்தின்மேல் துணி போர்த்துதல் வேண்டும். எண்ணெய்க் குவளையும் திறந்தபடி இருத்தல் கூடாது.

எந்த எண்ணெய்

விளக்கெண்ணெய் மிகச் சிறந்த வழுவழுப்பு உடையது. ஆரம்ப கால ரயில்களும் அதை உபயோகித்தன. ஆயினும் காற்றுப்பட நாட்பட அது பிசின்போல் இறுகும். வண்டி அச்சில் அதனாற் கெடுதல் இல்லை. ஒரு நூல் அகலமுள்ள லேத்துத் துவாரத்தில் அது அடைப்பாகும். நிலக்கடலை, தேங்காய் முதலிய எண்ணெய்களும் லேத்துக்கு ஆகா.

அதனினும் பெருங்கேடு, டிராக்டரிலிருந்தும் டீசல் என்ஜினிலிருந்தும் வடித்த கறுப்பு எண்ணெயை லேத்துக்கு இடுவதாகும். காசு மிச்சமென்று நினைத்துச் செய்யப்படும் இச்செயல், பட்டறைகளில் வெகு சாதாரணம். அவ்வெண்ணெயில் கரியும், அமிலங்களும், என்ஜினிற் தேய்ந்த உலோகத் துகள்களும் மிதக்கின்றன. என்ஜினுக்கான புதிய எண்ணெயும் லேத்துக்குப் பொருத்தமானதன்று. அழுக்கைப் படியவிடாமல் மிதக்கவைத்து வடிகட்டிக்குக் கொண்டுசேர்க்கும் மருந்துகள் அதிற் கலந்துள்ளன. லேத்தின் கிண்ணத்துக்கு வடிகட்டி இல்லை. யந்திரத்தைச் செய்தவர் குறித்த எண்ணெய் தெரிந்தால் அதையே இடவேண்டும். தெரியாதவிடத்து, வேகமாய்ச் சுழலும் தண்டின் பேரிங்குகளுக்கு 32 என்னும் பாகுத்தன்மை எண்ணுடைய மெல்லிய எண்ணெயும், படுக்கைக்கும் சேடிலுக்கும் 68 எண்ணுடைய, ஒட்டிநிற்கும் தன்மையுள்ள எண்ணெயும் பெரும்பாலான யந்திரங்களுக்குப் பொருந்தும். கடையும்பொழுது உளியின்மேல் ஊற்றும் வெள்ளை நீர் எண்ணெய் சூட்டைத் தணிப்பதற்கானது. அது பேரிங்குக்கு உதவாது. படுக்கையில் தேங்கவிட்டால் துருவையும் உண்டாக்கும்.

நிலமுடையவர் கவனிக்கக்கூடியவை

தண்டைக் கடைசலுக்குக் கொடுப்பவர் லேத்தின் சூட்சுமங்களை அறிந்திருக்கவேண்டுவதில்லை. பட்டறையில் நிற்கும் சிறிது நேரத்தில் ஒன்றிரண்டைக் கண்ணால் அறியலாம். மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றதா, அல்லது மூலையில் தூசு படிந்து கிடக்கின்றதா என்பது முதற்சான்று. காலையில் முதல் வேலைக்கு முன் கடைசல்காரர் யந்திரத்தைச் சுற்றி வருகிறாரா என்பது மற்றொன்று. எண்ணெய் இடும் இடங்களைச் சுற்றிச் சிவப்பு வர்ணத்தால் வட்டமிட்டு வைத்திருக்கும் பட்டறை உண்டென்றால், சற்று தூரமானாலும் அங்குச் செல்வது லாபம். ஹெட்ஸ்டாக்கின் பேரிங் மூடி வெதுவெதுப்பாய் இருக்கலாம். யந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டால் உள்ளங்கை பொறுக்காத சூடாய் இருக்கலாகாது. கடைந்த தண்டை வாங்கும்பொழுது, பேரிங் அமரும் இடத்தின் இரு முனையிலும் மைக்ரோமீட்டரால் அளந்து காட்டும்படி கேட்பது உரிமை. நல்ல தொழிலாளி அதைக் குறைவாய் எண்ணமாட்டார்.

வேலை வேகத்தில் எண்ணெய் இட நேரமில்லாது போவதற்கு, கடைசல்காரர் மட்டுமே பொறுப்பல்லர். எல்லோரும் நாற்றங்காலுக்கு நீர் வேண்டிய நாளன்றே பம்பைக் கொண்டுவந்து "இன்று மாலைக்குள்" என்று நிற்பதும் ஒரு காரணம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து பம்புகள் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களிலேயே அவற்றை ஓட்டிப்பார்த்துப் பழுதானவற்றைக் கொடுத்துவிட்டால் வேலையும் திருத்தமாய் அமையும். கூட்டுறவுச் சங்கங்களில் வாடகைக்கு விடும் யந்திரங்களைப் பொறுப்பிற் கொண்ட கிராம அதிகாரிகள் இதைத் தொடங்கிவைத்தால் மற்றவர்களும் பின்பற்றுவர்.

எண்ணெய் இடுதல் யந்திரம் நின்றிருக்கும்பொழுதே செய்யத்தக்கது. ஓடும் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் அருகே குனிந்து, தோளிலுள்ள துண்டோ வேட்டி முனையோ சிக்கி விபத்து நேர்வதற்கு இடங்கொடுக்கலாகாது.

மழைக்குப் பின்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைசற் பட்டறைகளுக்கு வேலை குறைவு. ஓடாமல் நிற்கும் லேத்துக்குத்தான் அப்பொழுது ஆபத்து அதிகம். படுக்கையைத் துடைத்து எண்ணெய் பூசி மூடிவைக்காவிட்டால் ஒரே இரவில் துரு பூக்கும். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் தேதி கஜாப் புயல் கரை கடந்தபொழுது டெல்டாவில் கூரைகள் பறந்தன. பல ஊர்களில் நாட்கணக்காய் மின்சாரம் இல்லை. அத்தகைய காலத்தில் மழையில் நனைந்த லேத்தை, மின்சாரம் வந்தவுடன் ஓட்டிப் பார்ப்பதே முதற் பிழை. நீர் எண்ணெயைவிடக் கனமானது. கிண்ணத்திலும் பல்சக்கரப் பெட்டியிலும் அடியில் நீரும் மேலே எண்ணெயுமாய் நிற்கும். மேலிருந்து பார்த்தால் எண்ணெயே தெரியும். பேரிங்குக்குச் செல்வதோ நீர். ஆகையால் முதலில் பெட்டியின் அடிமுளையைத் திறந்து வடித்துவிட வேண்டும். திரிகளை எடுத்து எறிந்துவிட்டுப் புதியன இடவேண்டும். ஒவ்வொரு துவாரத்திலும் மண்ணெண்ணெய் செலுத்தி, அது தெளிவாய் வெளிவரும் வரை கழுவவேண்டும். பின் நல்ல எண்ணெய் இட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கைக் கையாற் பிடித்து இருபது முப்பது சுற்று சுற்றவேண்டும். எங்கேனும் கரகரப்பு தோன்றினால் அப்பேரிங்கின் மூடியைத் திறந்து பார்த்தாக வேண்டும். கரகரப்பில்லாமல் சுழன்ற பின், மிக மெதுவான வேகத்தில் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டி, மீண்டும் ஒரு முறை எண்ணெய் இட்டு, அதன் பின்னரே உளியை வைக்கலாம்.